கனமான தோட்டா

அருள்புரம்
18-2-2005

மதிப்பிற்குரிய மச்சான் கிட்டுசாமி அவர்களுக்கு, நாச்சிமுத்து எழுதுவது.

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் பிரித்திருந்தால் அதுவே பெரிது. உங்களுக்குக் காது மந்தமாகிவிட்டது, போனில் பேச முடியாது என்று பூவாத்தாள் சொன்னாள். காது நன்றாக இருந்தாலும் என் குரல் கேட்டால் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் தங்கை பூவாத்தாள் நலம். சர்க்கரை மட்டும் ஏறி இறங்குகிறது. கம்பெனியை இப்போது மகன் பார்க்கிறான். நான் காலையில் போய் நாற்காலியில் உட்கார்ந்து, துணியைத் தடவிப் பார்த்துக் குறை சொல்லிவிட்டு மதியம் வந்துவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் டி-சர்ட் வாங்கும் ஜெர்மன் பையர் ஒருவர் இருக்கிறார், யூர்கன் என்று பெயர். வேட்டைப் பைத்தியம். போன மாதம் வந்தபோது ஆப்பிரிக்காவில் தான் சுட்ட எருமையின் போட்டோவை எடுத்துக் காட்டினார். நான் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நானும் வாலிபத்தில் காட்டெருமை வேட்டைக்குப் போனவன்தான் என்று சொல்லி வைத்தேன். மனுஷன் எழுந்து நின்று கை கொடுத்தார். ஜூலையில் டான்சானியாவுக்குத் தன்னோடு வந்தே ஆகவேண்டும், எருமை ஒன்று என் பங்குக்கு என்கிறார். எந்த ரைபிள், எந்தத் தோட்டா என்று சொன்னால் அங்கேயே வாடகைக்கு எடுத்து வைப்பாராம். மெயிலுக்கு மேல் மெயில் வருகிறது. மகன் "ஏனுங்கப்பா, இந்த வயசுல உங்களுக்கு இது தேவைங்களா?" என்று கேட்கிறான். அறுபத்திரண்டெல்லாம் ஒரு வயதா?

எனக்குத் தெரிந்து துப்பாக்கி தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். எதை எடுப்பது என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

பழையதைக் கிளற நான் எழுதவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. என் மகள் கலாமணி கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் உங்கள் பங்காளி வீட்டு ஆளை நிறுத்திச் சீர் செய்தோம். பூவாத்தாள் மணவறைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். என்மேல் இருந்த கோபத்தை அந்தப் பெண்ணின் மேல் காட்டியிருக்க வேண்டாம்.

நாச்சிமுத்து


மடத்துக்குளம்
1-3-2005

திரு. நாச்சிமுத்து அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

கல்யாணப் பேச்சை நீங்கள் எடுத்ததால் சொல்கிறேன். தாய்மாமனுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பிய குடும்பத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைக்க, திருப்பூரிலிருந்து மடத்துக்குளம் உங்களுக்குத் தூரமாகிவிட்டது. சீருக்கு எடுத்த பட்டு இன்னும் பீரோவில் கிடக்கிறது. என் வீட்டுக்காரி வருஷம் ஒருமுறை வெயிலில் காயவைத்து மடித்து வைக்கிறாள்.

வேட்டைக்குப் போகவேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்களும் நானும் கடைசியாகப் போன வேட்டையைப் பற்றி அந்த ஜெர்மன்காரரிடம் முழுக்கச் சொன்னீர்களா? 1971 சித்திரை இருபது. கரும்புக்காட்டை அழித்துக்கொண்டிருந்த ஒற்றைக் காட்டெருமை. அப்போது லைசென்ஸ் வாங்கிச் சுடலாம். நான், நீங்கள், தடம் பார்க்கப் பெரியகருப்பன். நாற்பது கஜத்தில் தோளில் அடித்தேன். வாங்கிக்கொண்டு உண்ணிச்செடிப் புதருக்குள் ஓடியது. பெரியகருப்பன் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே முன்னால் போனான். அது திரும்பி வந்தது. நேர் முகத்தில் இரண்டு அடி அடித்தேன், நிற்கவில்லை. அவனைக் குத்தித் தூக்கிப் போட்டுவிட்டு என்மேல் ஏறிப் போனது. எனக்கு விலா எலும்பு மூன்று. அவனுக்கு உயிர். வீட்டில் பெண்டாட்டி ஆயம்மாள், மடியில் பத்து மாதக் குழந்தை முத்தாத்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாற்பது பேர் முன்னால் நீங்கள் சொன்னதை நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டேன். "குறி பாக்கத் தெரியாதவன் கைல எதுக்குங்க துப்பாக்கி? அநியாயமா ஒரு உசுரு போச்சுங்களே." ஆயம்மாள் அங்கேதான் நின்றாள்.

அந்த வார்த்தை பொய் என்று நான் சொல்லவில்லை. என் கை நடுங்கித்தான் இருக்கவேண்டும். எருமை மூன்றாம் நாள் காட்டுக்குள் செத்துக் கிடந்ததாம். கழுகு தின்றது போக மிச்சத்தில் எங்கே பட்டது என்று யார் பார்ப்பார்கள்? ரைபிளைப் போலீஸ் எடுத்துப் போனது. வீட்டிலிருந்த தோட்டாக்களையும் அப்பா ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார். நான் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. லைசென்ஸையும் ஒப்படைத்தேன். ஒரு நல்ல மனுஷனைக் குறி தவறிக் கொன்றவன் என்று தெரிந்துகொண்டே இத்தனை வருஷம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னதற்காக உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கூடவே வந்தவர் அதை அந்த இடத்தில் சொன்னாரே என்றுதான்.

போவது என்று முடிவு செய்துவிட்டவரை நான் தடுக்க முடியாது. பூவாத்தாள் கழுத்தில் தாலி இருக்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ரைபிளின் குழல் அளவு 375-க்குக் குறையக் கூடாது. மானுக்கும் பன்றிக்கும் எடுக்கும் சின்னதையெல்லாம் எருமை மதிக்காது. 416 நல்லது. 458 உங்கள் தோளுக்கு ஆகாது. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடும் பெரிய ரைபிளைவிட, கண் திறந்து சுடும் 375 மேல். 470 இரட்டைக்குழல் தருகிறேன் என்றால் ஆசைப்படாதீர்கள், அதன் கனத்தைச் சுமந்து நடக்க உங்கள் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. எதை எடுத்தாலும் அங்கே போய் நாற்பது தோட்டாவாவது பலகையில் சுட்டுப் பழகிவிட்டு அப்புறம் காட்டுக்குள் காலை வையுங்கள். ஒரே ரைபிளுக்குக் குண்டு இரண்டு மூன்று எடையில் வரும். கனமானது எதுவோ அதை எடுங்கள். தோள் எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும்.

தேர்ந்தெடுத்துவிட்டு என்னவென்று எழுதுங்கள். சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.

கிட்டுசாமி


அருள்புரம்
12-3-2005

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். திட்டு பாதி, யோசனை பாதி. நீங்கள் மாறவேயில்லை.

பத்திரிகை விஷயத்தில் தப்பு என்னுடையது. நேரில் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவீர்களோ என்ற பயம். அதைக் கௌரவம் என்று சொல்லிக்கொண்டேன். பட்டு இன்னும் இருக்கிறது என்று படித்துவிட்டு பூவாத்தாள் அன்றைக்குச் சோறு உண்ணவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பேசினது பொய்யில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், ஆனாலும் பேசியிருக்கக் கூடாது. பெரியகருப்பன் தூக்கி எறியப்பட்டதை மரத்தின்மேல் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஏறிக்கொண்டவனுக்குக் கீழே நின்றவனைக் குறை சொல்ல யோக்கியதை இல்லை. பயத்தில் வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

சரி, ரைபிள். யூர்கன் பட்டியல் அனுப்பியிருக்கிறார். நீங்கள் சொன்னபடி 375 எடுத்துவிட்டேன். குண்டில் அதற்கு இரண்டு வகை எழுதியிருக்கிறார். ஒன்று 270, ஒன்று 300. நான் 270 எடுக்கிறேன். எதற்கு என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. நாற்பது வருஷமாக நூலோடு புழங்குகிறவனுக்கு நம்பர் பார்க்கத் தெரியாதா? முப்பதாம் நம்பர் நூல் தடிமன், நாற்பதாம் நம்பர் மெலிசு. நம்பர் ஏற ஏறச் சரக்கு இளைத்துக்கொண்டே போகும். எருமைக்கு மெலிசு எதற்கு?

அன்றைக்கும் நான்தானே எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வலது கட்டைவிரலில் கரும்பு வெட்டின அரிவாள் பட்டுக் கட்டுப் போட்டிருந்தீர்கள். "பீரோல ரெண்டு பெட்டி இருக்குதுங்க மாப்ள, கனமானதாப் பாத்து நாலு போட்டுக் குடுங்க" என்றீர்கள். இதே 270, இதே 300. அப்போது நான் பனியன் கம்பெனியில் நூல் குடோன் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பார்த்ததும் 270 என்று தெரிந்துவிட்டது. குண்டின் மூக்கில் ஈயம் வேறு தெரிந்தது. ஈயத்தைவிடக் கனம் எது? நாலையும் போட்டு மூடி உங்கள் கையில் கொடுத்தேன். அந்த வேலையிலாவது நான் தப்புச் செய்யவில்லை என்று இத்தனை வருஷம் ஒரு சின்ன நிம்மதி.

சரிதானே என்று எழுதுங்கள். யூர்கன் அவசரப்படுத்துகிறார்.

நாச்சிமுத்து


மடத்துக்குளம்
4-4-2005

மாப்பிள்ளைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

270 எடுக்கவேண்டாம். 300 எடுங்கள். தோட்டாப் பெட்டியில் போட்டிருப்பது நூல் நம்பர் போன்றது இல்லை. அது குண்டின் எடை, கிரெயின் என்பார்கள். நம்பர் ஏறினால் கனம் ஏறும். 270-இல் மூக்கில் ஈயம் தெரிவது இளக்கமான குண்டு. கடமான், பன்றிக்கு நல்லது. எருமையின் தோள் எலும்பில் அந்தக் காலத்துக் குண்டு பட்டால் பூப்போல விரிந்து அங்கேயே நின்றுவிடும். எலும்பை உடைத்துப் போக முழுக்க உறை போட்ட 300 வேண்டும். இந்தக் காலத்தில் இளக்கக் குண்டையும் கெட்டியாகச் செய்கிறார்களாம். எனக்குத் தெரியாது. நீங்கள் 300 என்று எழுதிப் போடுங்கள், உறை போட்டதாக.

வேறொன்றும் இல்லை. தென்னைக்கு ஈரியோபைட் பூச்சி விழுந்து காய் சிறுத்துவிட்டது. அமராவதியில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். பூவாத்தாளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள், பத்திரிகை தட்டு ஒன்றும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தை வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு நான் ஒழுங்காகத்தான் சுட்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. தோளில்தான் வைத்தேன், முகத்தில்தான் வைத்தேன். அதை யாரிடமாவது ஒருதடவை சொல்லவேண்டும் போலிருந்தது.

கிட்டுசாமி


அருள்புரம்
9-4-2005

மச்சான்,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஆபீஸில் இருந்தேன். இரண்டாவது பத்தி வரைக்கும் படித்தேன். அப்புறம் லேபுக்குப் போனேன்.

அங்கே துணியை வட்டமாக வெட்டி எடை போடும் தராசு ஒன்று உண்டு. முப்பது கிரெயின் எத்தனை கிராம் என்று மகனைக் கேட்டேன். கம்ப்யூட்டரில் பார்த்து, "ரெண்டு கிராமுங்கப்பா. எதுக்குங்க?" என்றான். இரண்டு கிராம் நூலை அந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். கையில் எடுத்தால் இருப்பதே தெரியவில்லை. துணியில் இதைவிடக் குறைந்த வித்தியாசத்துக்கு ஒரு லாட்டையே திருப்பி அனுப்புகிறவன் நான். அன்றைக்கு இரண்டு பெட்டியிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்து உங்களிடம் காட்டி, "இதுங்களா மச்சான்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நூல் குடோன்காரனுக்குக் கேட்பது கௌரவக் குறைச்சலாக இருந்தது.

நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். பெரியகருப்பனைக் கொன்றது உங்கள் குறி இல்லை. என் கை. கொன்றுவிட்டு, கொன்றது நீங்கள்தான் என்று அவன் பெண்டாட்டி முன்னால் கத்தினேன். நீங்கள் துப்பாக்கியை விட்டீர்கள், உறவை விட்டீர்கள், கலாமணியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. நான் கம்பெனி வைத்தேன், வெளிநாடு போனேன், எவனோ ஒரு பையரிடம் வேட்டைக்குப் போனவன் என்று பெருமை பேசினேன்.

தோட்டா எது என்று சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு இது தெரியாமலே போயிருக்கும். தெரிந்தே சொல்லியிருக்கிறீர்கள். எத்தனை கடிதம் எழுதிக் கிழித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்று வாரம் தாமதத்துக்கு உடம்பு காரணம் இல்லை என்று மட்டும் தெரிகிறது.

யூர்கனிடம் வரவில்லை என்று சொல்லியாகிவிட்டது. காரணம் கேட்டார், முழங்கால் வலி என்றேன். அவரிடம் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லவேண்டியவர் ஆயம்மாள். அவர் காலில் விழுந்து சொல்லவேண்டும். எப்போது வரட்டும் என்று எழுதுங்கள். நீங்கள் கூட வரவேண்டாம், வீட்டை மட்டும் காட்டிவிட்டால் போதும்.

பூவாத்தாளிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "எங்கண்ணன் நல்லாத்தான் சுடுமுங்க. நானும் நம்பாமப் போயிட்டேன்" என்றாள்.

நாச்சிமுத்து


மடத்துக்குளம்
16-4-2005

மாப்பிள்ளை,

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட மாதிரியே நீ என்று எழுதுகிறேன். தங்கையைக் கட்டிக்கொடுத்ததிலிருந்து வாய் நிறைய மரியாதை வைத்து வைத்து எனக்கும் சலித்துவிட்டது.

நான்கு கடிதம் கிழித்தேன். உனக்குத் தெரியாமலே போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ அந்த 270-ஐ எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்காவில் எருமைக்கு முன்னால் போய் நிற்பது கண்ணில் வந்துகொண்டே இருந்தது. சொல்லாமல் இருந்தால் இரண்டாவது ஆளையும் கொன்றவனாவேன்.

எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. ரைபிளைத் தோளில் வைக்கிறவன் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவேண்டும். முதல் பாடமே அதுதான். விடிவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம், மாப்பிள்ளை போட்டுக் கொடுத்தது சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம். திறந்திருந்தால் ஈய மூக்கு தெரிந்திருக்கும். பாதி என்னுடையது.

ஆயம்மாளிடம் சொல்ல முடியாது. போன தை பதினைந்தாம் தேதி இறந்துபோனாள். உன் முதல் கடிதம் வருவதற்கு மூன்று வாரம் முன்னால்.

நம் பக்கத்தில் யார் படியேறினாலும், கடன்காரனாக இருந்தாலும், "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கமாட்டார்கள். வருஷா வருஷம் சித்திரை இருபதன்று நான் அவள் வாசலில் போய் நிற்பேன். ஒன்றரை ஏக்கர் எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். குழந்தைக்குக் காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் முறையாகச் செய்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த "வாங்க" மட்டும் வராது. நெல் புடைத்துக்கொண்டிருந்தால் புடைத்துக்கொண்டே இருப்பாள். கால்மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவேன். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் போனேன். முத்தாத்தாள், "அம்மா, யாரு வந்திருக்காங்க பாரு" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உன் தாழ்வாரத்து வார்த்தையை அவள் கடைசி வரைக்கும் நம்பினாள். நானும்தான் நம்பினேன்.

மூன்று வாரம் முன்னால் நீ எழுதியிருக்கக் கூடாதா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டு என்ன பிரயோசனம்?

முத்தாத்தாள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். சொல்லியே ஆகவேண்டும் என்றால் போய்ச் சொல். வேண்டாம் என்று தடுக்க எனக்கு மனசில்லை. தளி ரோட்டில் சர்க்கரை ஆலை தாண்டி வாய்க்கால் பாலத்தில் கேட்டால் காட்டுவார்கள்.

கிட்டுசாமி


அருள்புரம்
25-4-2005

மச்சான்,

நேற்றுப் போய் வந்தேன். உங்கள் வீட்டைத் தாண்டித்தான் கார் போனது. நிறுத்தத் தைரியம் வரவில்லை.

முத்தாத்தாள் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். யார் என்று தெரியாமலே, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. பெயரைச் சொன்னேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, நம்பர், நூல் கதை, ஆஸ்பத்திரியில் பேசினது. தோட்டா என்றால் என்னவென்று தெரியாத பெண்ணுக்கு விளக்கிச் சொல்ல நேரமாயிற்று. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் கேட்டாள்: "அப்ப அந்தப் பெரியவரு தப்பே பண்ணலீங்களா?"

இல்லை என்றேன். நீங்கள் எழுதிய பாதிக் கணக்கை நான் சொல்லவில்லை. அது உங்கள் பெருந்தன்மை, அதை அங்கே எடுத்துப் போக எனக்கு உரிமையில்லை.

"வருசா வருசம் வெயில்ல நின்னுட்டுப் போவாருங்க. நான் சின்னப்புள்ளைல தண்ணி கொண்டுபோகப் போனா, அம்மா சொம்பப் புடுங்கி வெச்சிருமுங்க" என்றாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே வந்தார்னா நான் வாங்கன்னு சொல்லிப்போடுவேனுங்க. எங்கம்மா சொல்ல வேண்டியத இனி யாருங்க சொல்லுவா?" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நம் பக்கத்தில் எதிரிக்கும் சொல்லும் "போய்ட்டு வாங்க" அவள் வாயிலிருந்து வரவில்லை. மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதை நான் பார்த்ததில்லை என்றாலும் அந்த நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

வருகிற சித்திரை இருபது செவ்வாய்க்கிழமை. காலையில் பூவாத்தாளைக் கூட்டிக்கொண்டு நேரில் உங்களை அழைக்க வருகிறேன், தாம்பாளத்தோடு. கலாமணியும் வருகிறாள், அந்தப் பட்டு யாருக்கு எடுத்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அப்படியே முத்தாத்தாள் வீட்டுக்குப் போவோம். அவள் வாங்க என்று சொல்லுவாள், நீங்கள் உள்ளே போய் உட்காருங்கள்.

நான் வாசலில் நிற்கிறேன். இனி வருஷா வருஷம் நான் நிற்கிறேன்.

நாச்சிமுத்து